காயாத சந்தனம்

விஜயதசமியன்று மத்தியானம், எம். புதுப்பட்டியில் அந்த அட்டைப்பெட்டி குடோன் முன்னால் வினோலியா ஸ்கூட்டியை நிறுத்தினாள். பட்டாசுக் கம்பெனிக்கு கிஃப்ட் பாக்ஸ் ஒட்டித் தருகிற குடோன் அது. முந்தின நாள் ஆயுத பூஜை முடிந்து, அன்றைக்கு லீவு. வாட்ச்மேன் வேலுச்சாமி ஷட்டரைத் தூக்கிவிட்டு, அவள் கொண்டுவந்த டூல்ஸ் பையை வாங்கிக்கொண்டார்.

கூரையில் புதிதாக, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் பொருத்தியிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியது வினோலியா. மற்ற இடமென்றால் வேலை முடிந்ததும் கையை உதறிவிட்டுப் போய்விடுவாள். இங்கே அவளுடைய அம்மா ஞானசுந்தரி சுவரோர வரிசையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறாள். சீசனின் கடைசி லோடு மறுநாள் கிளம்ப வேண்டும். பெண்கள் அத்தனை பேரும் காகிதத்துக்கு நடுவில் இருப்பார்கள். ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இந்தப் பூவாளி அம்புட்டும் ஒண்ணாக் கொட்டுமா தாயி?" என்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டார் வேலுச்சாமி.

"கொட்டாது அண்ணாச்சி. எந்த ஹெட்டுக்குக் கீழ தீப்பிடிக்குதோ அது மட்டுந்தான் ஊத்தும். உள்ள செவப்பா ஒரு குட்டிக் கண்ணாடிக் குழா தெரியுதா? அதுக்குப் பேரு பல்ப். சூடு ஏறுனா உடைஞ்சு தண்ணிக்கு வழி விட்டுரும். அடியில பல்லுப்பல்லா இருக்க தகடு டிஃப்ளெக்டர். அது தண்ணியச் சிதற அடிக்கும். ஹெட்டு இப்படித் தலைகீழாத் தொங்குனா பென்டன்ட்டும்பாக."

"தொங்குறதுக்கு இம்புட்டுப் பெரிய பேரா? வௌவாலுன்னு வச்சுட்டுப் போயிருக்கலாம்."

வினோலியா சிரித்துக்கொண்டே கோடியிலிருந்த டெஸ்ட் வால்வைத் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. வெளியே எச்சரிக்கை மணி அடித்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. மழை மேகம் கூடிக்கொண்டு வந்ததால், நனையாமல் வீடு போய்ச் சேரலாம் என்று பையை எடுத்தாள்.

அப்போதுதான் சுவரோர வரிசையைக் கவனித்தாள்.

அங்கே தொங்கிய ஒவ்வொரு ஹெட்டிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பூஜைன்னா இதுக்குமா பொட்டு வைப்பீக? சந்தனம் பல்ப மூடிட்டா சூடு எப்படி உள்ள ஏறும்? உசுரு போற விஷயம் அண்ணாச்சி!"

"நாங்க வைக்கலத்தா. மெஷினுக்கு மட்டுந்தான் வச்சோம். அம்புட்டு உசரத்துக்கு ஏற எங்ககிட்ட ஏணியே கெடையாது."

முணுமுணுத்தபடி, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்த மடக்கு ஏணியை நீட்டிச் சாய்த்து ஏறினாள். துணியால் துடைத்தாள். நேற்று வைத்த சந்தனம் இதற்குள் காய்ந்து உதிர வேண்டும்.

சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

வரிசை முழுக்கத் துடைத்துவிட்டு இறங்கினாள். குடோனுக்குள் வெளிச்சம் மங்கியிருந்தது. பசை வாடைக்கு அடியில் வேறொரு வாடை மெல்ல எழும்பியது. முடி பொசுங்குகிற வாடை. பின்னால் யாரோ ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடப்பது போல் சத்தம் கேட்டது.

திரும்பினாள். யாரும் இல்லை.

அண்ணாந்து பார்த்தாள்.

முதல் ஹெட்டில் பொட்டு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. வரிசை முழுக்க இருந்தது.

வேலுச்சாமி ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அங்கனதான் தாயி, குடோன் கட்டுறதுக்கு முந்தி பட்டாசு மருந்து கலக்குற ரூமு இருந்துச்சு. அய்யம்மான்னு ஒருத்தி. பூஜைன்னா தராசு, சல்லடை, தண்ணித்தொட்டின்னு ஒண்ணு விடாமப் பொட்டு வைப்பா. ரூமு வெடிச்சப்ப இந்தச் சுவரோரமாத்தான் கெடந்தா. தண்ணி தண்ணின்னு கேட்டா. தீக்காயத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. ஒரு மடக்குக்கூடக் குடுக்கல."

ஓடிவிடலாம் என்றுதான் வினோலியாவுக்குத் தோன்றியது. ஆனால் நாளைக்கு அந்தப் பொட்டுகளுக்குக் கீழே அம்மா உட்காருவாள். எல்லா வரிசையும் இருக்க, இந்த வரிசையில் மட்டும் ஏன்?

வால்வை மூடி, குழாயில் இருந்த தண்ணீரை வடியவிட்டாள். நடு வரிசையில் பொட்டு இல்லாத ஒரு ஹெட்டைக் கழற்றினாள். மிச்சத் தண்ணீர் முகத்தில் சொட்டியது. பிறகு பொட்டு வைத்ததில் ஒன்றைக் கழற்றினாள்.

துருப்பொடி மட்டும் கொட்டியது.

அந்த வரிசைக்குத் தண்ணீரே வந்திருக்கவில்லை. குழாயை மாட்டியவர்கள் சோதனைக்காக நடுவில் செருகிய அடைப்புத் தகட்டை எடுக்காமலே போயிருந்தார்கள். டெஸ்ட் வால்வு வேறு வரிசையில் இருந்ததால் தண்ணீர் சீறியது, மணியும் அடித்தது. பல்ப் உடைந்தாலும் அம்மாவின் தலைமேல் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

இருவருமாகப் போல்ட்டைக் கழற்றித் தகட்டை உருவினார்கள். எல்லாவற்றையும் இறுக்கி வால்வைத் திறந்ததும், காற்று புஸ்ஸென்று ஒதுங்கி, வறண்ட குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று ஓடியது. தாகத்தோடு ஒருத்தி அண்ணாந்து குடிப்பது போல் கேட்டது அந்தச் சத்தம்.

பொட்டு ஒன்றுகூட இல்லை. துடைத்த தடம்கூட இல்லை.

"நல்லா இருப்பீக அக்கா," என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள் வினோலியா. காப்பாற்ற வந்தவள் என்றே நம்பினாள்.

மறுநாள் லோடு நல்லபடியாகக் கிளம்பியது. சாயங்காலம் அம்மா வேனில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்தாள். காபி போட எழுந்த வினோலியா அப்படியே நின்றுவிட்டாள்.

ஞானசுந்தரியின் நெற்றியில் சந்தனம். நடுவில் குங்குமம்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மா. கல்யாணத்தன்றுகூடப் பொட்டு வைத்ததில்லை.

"யாரும்மா வச்சது?"

"எது?" அம்மா நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "அட, ஈரமா இருக்கு. அந்த அக்காவாத்தான் இருக்கும். கறுத்துச் சுருங்கிப் போயிச் சுவரோரமா நின்னுச்சு பிள்ள. தண்ணி கேட்டுச்சு. என் பாட்டிலக் குடுத்தேன். குடிச்சுட்டு நெத்தியத் தொட்டுச்சு. 'இத்தன வருசத்துல நீ ஒருத்திதான் குடுத்த, உன்னைய விட மாட்டேன் தாயி'ன்னுச்சு. பாவம்."

வினோலியா துப்பட்டா முனையால் அழுத்தித் துடைத்தாள். தோல் சிவந்தது. சிவந்த இடத்தில் சந்தனம் மறுபடி ஈரமாகத் துளிர்த்தது.

"அம்மா, அது இப்ப எங்க?"

"வேன்ல எம்பக்கத்துலதான் உக்காந்து வந்துச்சு."

முடி பொசுங்குகிற வாடை வீட்டுக்குள் பரவியது. வினோலியா தன்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தாள். வெறும் கூரை. ஒரு குழாய் இல்லை, ஒரு ஹெட் இல்லை.

அடுக்களைக்குள் யாரோ குடத்தில் சொம்பை முக்கித் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.