அப்பாவின் கிண்ணத்து மூடி

மினோரி அன்று காலை ஒரு பொய் செய்தாள். 'சொன்னாள்' என்று எழுத முடியாது, ஏனென்றால் அவள் வாயே திறக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் விரலை நனைத்து, ஒரு கிண்ண மூடியின் உள்பக்கம் தெளித்தாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பொய் அவளோடு பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கலங்கரை விளக்கம் வரைக்கும் வந்தது.

எங்கள் ஊர் உராசாகியில், கடலுக்குப் போனவர் வீட்டில் இல்லை என்பதற்காக அவருடைய சாப்பாட்டை யாரும் நிறுத்துவதில்லை. அவர் உட்காரும் இடத்தில் வேளை தவறாமல் சோறும் மீனும், மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்த சூடான சூப்பும் வைப்போம். சூப் கிண்ணத்தை மூடிவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர்த்துளிகள் நிற்கும். அப்படி நின்றால், போனவர் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். நிற்காமல் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. சூடான சூப்பை மூடினால் துளி நிற்கத்தானே செய்யும்!

ஆனால் அன்று காலை மினோரி திறந்த மூடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அப்பா போயிருந்தது 'ஹயாசே மாரு' என்ற, கணவாய் மீன் பிடிக்கும் படகில். வியாழக்கிழமை புயல் அடித்த பிறகு அந்தப் படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இன்று செவ்வாய். அம்மா தினமும் காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடுவாள். விசாரித்துவிட்டுத் திரும்பி வந்ததும் முதலில் மூடியைத்தான் திறந்து பார்ப்பாள். அவள் சரியாகச் சாப்பிட்டு ஐந்து நாளாகிவிட்டது. உலர்ந்து கிடக்கும் மூடியை அவள் எப்படிப் பார்ப்பாள்? அதனால்தான் மினோரி தண்ணீர் தெளித்தாள்.

அம்மா வந்தாள். மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. தம்பி கையை விட்றாதடி" என்றாள்.

எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முதல் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஹிராசாவா டீச்சர் மினோரியை அவளுடைய தம்பி ரியோட்டாவோடு சேர்த்துவிட்டார். அன்று எல்லாருமே மினோரியிடம் மிகவும் மெதுவாகப் பேசினார்கள். காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை.

கலங்கரை விளக்கத்துக்குள் படி சுற்றிச் சுற்றி ஏறியது. ரியோட்டா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான்.

"எழுவத்தெட்டு, எழுவத்தொம்போது, நூறு!"

"நடுவுல இருபதை முழுங்கிட்டியேடா!"

"கால் வலிக்குதுக்கா. அதான்."

உச்சியில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வளையங்கள் அடுக்கிய பெரிய விளக்கு இருந்தது. வெளியே வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். ஒரு படகுகூடத் தெரியவில்லை.

"இந்த வெளிச்சம் இருபது மைலுக்கு அப்பால இருந்தும் தெரியும்" என்றார் சுற்றிக்காட்ட வந்தவர்.

"அப்போ எங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் ரியோட்டா.

அவர் விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரியும், ஊருக்கே தெரியும். டீச்சர் அவசரமாகத் தன் குடையைத் திறந்து, பிறகு தான் நிற்பது கட்டடத்துக்குள் என்று நினைவு வந்து மூடினார்.

"தெரியும்டா" என்றாள் மினோரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. 'மூடி உலர்ந்து கிடந்ததே' என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். யாரிடம் போய்ச் சொல்வது?

கீழே, அந்தக் காலத்து விளக்குக் காவலர் வீட்டைக் கடல் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் காலணிகளைக் கழற்றினார்கள். ரியோட்டாவின் காலுறை ஓட்டையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"உன் விரலும் சுற்றுலா வந்திருக்கா?" என்றான் மினோரியின் வகுப்புத் தோழன் தொமோயா. ரியோட்டா அந்த விரலை ஆட்டிக் காட்டினான்.

முதல் அறையில் ஒரு நீளப் பலகை மாட்டியிருந்தது. திரும்பி வராத படகுகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன.

"அடேயப்பா, எத்தனை! கீழ இன்னும் இடம் வேற விட்டிருக்காங்க பாரு" என்றான் தொமோயா.

சொன்ன பிறகுதான் மினோரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான். அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"ஏய் மினோரி, நான் சும்மா... நான் ஒரு மடையன்."

"தெரியும்" என்றாள் மினோரி. தம்பி கையை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அங்கே அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாய் விரித்த சின்ன அறை. குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், குட்டை மேசையில், கடலுக்குப் போனவருக்கான சாப்பாடு. மெழுகில் செய்த சோறு, மெழுகில் செய்த மீன், சூப்புக் கிண்ணம். கிண்ணத்தின் மேல் மூடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் உள்பக்கம் கண்ணாடியால் செய்த துளிகளை ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. மூடி முழுக்கப் பொடிப்பொடியாக நின்றன.

காலையில் அவள் தெளித்த தண்ணீர் இப்படியா இருந்தது? நாலு பெரிய சொட்டு, ஒரு பக்கமாக வழிந்த ஒரு கோடு. அம்மா இத்தனை வருஷமாக மூடி திறக்கிறவள். ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்?

'அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு!'

அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த தம்பியின் கை காணாமல் போயிருந்தது. ரியோட்டா கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, கைக்குட்டையால் அந்த மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி! தொடக் கூடாது!" என்று வாசலிலிருந்து காவல்கார அம்மாள் கத்தினார்.

"டேய், என்னடா பண்ற?" என்று மினோரி ஓடினாள்.

"அழுதுட்டு இருக்குக்கா. துடைக்கிறேன். இது போகவே மாட்டேங்குது. நம்ம வீட்டுது உடனே போச்சு."

மினோரிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

"எது போச்சு?"

"அப்பா கிண்ணம். காலையில நீ தலை பின்னிக்கிட்டு இருந்தப்போ தெறந்து பாத்தேன். சூப்பு ஆறிப்போச்சு. மூடி உள்ள ஒரே கண்ணீர். பாவமா இருந்துச்சு. நல்லாத் துடைச்சு மூடிட்டேன்."

மினோரி அந்தக் கைக்குட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மிசோ வாசனை.

அவள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காவல்கார அம்மாள் திட்ட வந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் கண் துடைக்க ஒரு மெல்லிய தாளை எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சிருங்க. தம்பி தெரியாம தொட்டுட்டான்" என்று மினோரி மூன்று முறை குனிந்தாள். ரியோட்டா ஐந்து முறை குனிந்தான்.

மதியச் சாப்பாட்டின்போது தொமோயா எதுவும் பேசாமல் வந்து, தன் பெட்டியிலிருந்த முட்டைச் சுருள் இரண்டையும் மினோரியின் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். அவள் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பேருந்து மெதுவாகப் போனது. மினோரி இறங்கியதும் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

அம்மா சமையலறையில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, காலையில மூடியில நான்தான் தண்ணி தெளிச்சேன்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "தெரியும்டி. குழாய்த் தண்ணி அப்படி நிக்காது. மூடி உலர்ந்திருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் கேட்டா நீ இன்னும் பயந்துருவேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். நாள் முழுக்க இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

"இல்லம்மா, அது தானா உலரல!" என்று மினோரி கைக்குட்டையை அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இந்தத் தொரை துடைச்சு வெச்சிருக்கான்!"

அம்மா முகர்ந்தாள். ரியோட்டாவைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் சிரித்தார். அம்மா கண்ணிலிருந்து தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"தப்பாம்மா?" என்றான் ரியோட்டா.

"தப்பில்லடா. ஆனா அது கண்ணீர் இல்ல. அது அப்பா விடுற மூச்சுன்னு வெச்சுக்கோ. துடைக்கக் கூடாது."

தொலைபேசி மணி அடிக்கவில்லை. துறைமுகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. மழை விடவில்லை. அம்மா எழுந்து விளக்கைப் போட்டு, சூப்பைக் கொதிக்க வைத்து, அப்பாவின் கிண்ணத்தில் ஊற்றி மூடினாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஜன்னலில் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் ஒருமுறை வந்து போனது.

பிறகு அம்மா மூடியைத் திறந்தாள்.

மூடி முழுக்கத் துளிகள் நின்றன. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தில் சோறு போட்டுக்கொண்டு, குச்சிகளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ரியோட்டா மட்டும் இன்னும் சாப்பாட்டைத் தொடவில்லை. கை தானாக மூடிப் பக்கம் போய்விடக் கூடாதென்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.