எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு

கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வாசல் கேமரா, மெல்லிய கரகர சத்தத்தோடு கழுத்தைத் திருப்பி செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து நிற்பதை அன்பரசி இரண்டு நாளாகவே கவனிக்கிறாள். காற்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காற்றாவது, கேமராவைத் திருப்புவதாவது.

இன்று சாயங்காலம், மழை விட்டும் ஓட்டு விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கணக்கு வைத்திருந்த செய்தித் தளத்திலிருந்து மெயில் வந்தது. செய்தி அனுப்பிய வாசகர்களின் பெயர், செல் நம்பர், முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் திருட்டுப் போய்விட்டதாம். உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமாம். அதையே வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்ற வேண்டுமாம்.

இண்டூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் ராஜப்பன் என்ற ஆளை நாலு பேர் அடித்தே கொன்றதைப் பஸ்ஸிலிருந்து படம் பிடித்து அந்தத் தளத்துக்கு அனுப்பியவள் அவள்தான். பெயர் வெளியே வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர்கள், இப்போது மன்னிக்கவும் என்கிறார்கள். மன்னித்து என்ன செய்ய?

ஓசூரில் வேலையிலிருந்த கணவன் மதியழகனுக்கு போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம வூட்டுல எல்லாத்துக்கும் கவி பேரும் அவ பொறந்த வருஷமும்தானே?"

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"கேமராவுக்கும் அதான் போட்டேன் அன்பு. மொதல்ல அத மாத்து. கதவத் தாழ் போட்டுக்க. நான் கெளம்பிட்டேன்."

தாழ் அப்போதே போட்டிருந்தாள். உள்ளறையில் மகள் கவிப்பிரியா காய்ச்சலில் தூங்கினாள். கேமராவின் பாஸ்வேர்டை மாற்றினாள். மற்ற எல்லா போனிலிருந்தும் வெளியேற்று என்றிருந்ததை அழுத்தினாள். வாசலில் கேட்டுக்கொண்டிருந்த கரகர சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் உறைத்தது. செருப்பு ஸ்டாண்டில் அப்படி என்ன இருக்கிறது?

சாவி. அகாலத்தில் வரும் மதியழகன் பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதென்று, அவனுடைய பழைய ஷூவுக்குள் அவள் போட்டு வைத்திருக்கும் இன்னொரு சாவி. அதைப் போடும்போதும் எடுக்கும்போதும் கேமரா பார்த்திருக்கிறது.

கேமராவை போனில் திறந்தாள். ஷூ கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய செருப்பு, கவியின் சின்னச் செருப்பு. அவற்றை ஒட்டி, ஒரு ஜோடி பெரிய ஆம்பளைச் செருப்பு. ஒழுங்காகக் கழற்றி விட்டிருந்தது. வாரில் வெள்ளைக் கல்தூள்.

மழைக்கு முன்னால், கவி தூங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். திரும்பும்போது தலை நனைய ஓடி வந்தாள். எதையும் பார்க்கவில்லை. உள்ளே வந்ததும் தாழ் போட்டாள்.

அவள்தான் போட்டாள்.

உள்ளறையில் கவி சிணுங்கினாள்.

யாரோ மெதுவாகத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. சிணுங்கல் அடங்கியது. தட்டுவது நிற்கவில்லை.