ஒரே நாளில் தீர்ந்த பேட்டரி

புதன், காலை 7.10.

வேலைக்கு வந்த பொன்னியம்மா மாடிக் கதவைத் தள்ளினாள். கூடத்தில் அனுசுயா விழுந்து கிடந்தார். நெற்றியில் காய்ந்த ரத்தம். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். வலது கையில் தொலைபேசி ரிசீவர். தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

7.55.

இன்ஸ்பெக்டர் ஜமீலா ஏட்டு கஜபதியோடு அந்த அண்ணனூர் வீட்டின் படியேறினார். மொத்தம் பதினெட்டுப் படிகள். கீழ் வீட்டில் அனுசுயாவின் ஒரே மகன் ஜெகதீசன். ஏறி வர அவனுக்கு நேரமில்லை. இறங்கிப் போக அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. செல்போனில் கூப்பிட்டால் எந்நேரமும் சைலண்ட். ஆவடித் தொழிற்சாலையின் மின்சாரப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்த பெண்மணி சும்மா இருப்பாரா? பூந்தமல்லி பழைய சாமான் கடையில் இரண்டு தொலைபேசிகளை வாங்கினார். மாடிக்கும் கீழுக்கும் ஒயர் இழுத்தார். கூப்பிட ஒரு பஸ்ஸர், பேச ஒரு சின்ன சதுர பேட்டரி. இன்டர்காம் தயார்.

பேட்டரி டப்பாவின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘இரண்டு ரிசீவரும் எடுத்திருந்தால்தான் பேட்டரி செலவாகும். ஒன்றை அதன் இடத்தில் வைத்திருந்தாலே ஆகாது. பேசி முடித்ததும் வைக்கவும்.’

நீங்களும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் வத்தக்குழம்பு இருந்தது, கரண்டி வைத்தபடியே. இரண்டு தட்டுகள் கவிழ்த்திருந்தன.

8.20. பக்கத்து வீட்டு பக்தவத்சலம்.

“நேத்து காலைல ஒம்பது மணிக்கு பெரிய சண்டை மேடம். ‘இனிமே இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்’னு பொன்னியம்மா கத்திட்டுப் போச்சு.”

“எத்தனை மணிக்குப் போச்சு?”

“ஒம்பதரை. நானே பார்த்தேன். ராத்திரி வரைக்கும் வாசல்லதான் இருந்தேன், அதுக்கப்புறம் யாரும் மாடிக்குப் போகலை.”

8.40. ஜெகதீசன். கண்கள் சிவந்திருந்தன. அழுகையா, தூக்கமின்மையா என்று சொல்ல முடியவில்லை.

“நைட் ஷிஃப்ட் மேடம், அம்பத்தூர் எஸ்டேட்ல. நேத்து காலைல ஏழரைக்கு வந்து படுத்தேன். ராத்திரி ஒம்பது மணிக்குக் கிளம்பிட்டேன்.”

“மனைவி?”

“சுதா குமணன்சாவடிக்குப் போயிருக்கா, அவங்கம்மா வீட்டுக்கு. வீட்டுச் சாவி என்கிட்ட மட்டும்தான்.”

“அம்மா இன்டர்காம்ல கூப்பிடலையா?”

“அது பத்து நாளா வேலை செய்யலை. பேட்டரி அவுட். அம்மாகூடப் பேசியே மூணு நாளாச்சு. அந்தப் பொம்பளைதான் தள்ளி விட்டிருக்கணும்.”

கீழ் வீட்டில் ரிசீவர் ஒழுங்காக அதன் இடத்தில் இருந்தது. மாடியில் கஜபதி பேட்டரியைச் சோதித்தார். அவன் சொன்னது சரி. சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

பொன்னியம்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

11.15. காவல் நிலையம்.

டாக்டரிடமிருந்து போன் வந்தது. நேற்று பகலில் பட்ட அடி. சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கலாம். நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஸ்டூலிலிருந்து விழுந்தாலும் இப்படித்தான் இருக்கும், தள்ளினாலும் இப்படித்தான்.

“எதுக்குச் சண்டை?” என்றார் ஜமீலா.

“எம் பொண்ணு கவிப்பிரியாவுக்கு வளைகாப்பு மேடம். ரெண்டு நாள் லீவு கேட்டேன். ‘ரெண்டு நாள் நான் யார்கிட்ட பேசறது’ன்னு கேட்டுச்சு அம்மா. எனக்குக் கோவம் வந்துச்சு, கத்திட்டேன்.”

“படியேற மாட்டேன்னவ இன்னிக்கு ஏன் வந்தே?”

“இன்னா மேடம், கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். வராம இருக்க முடியுமா? அது தனியால்ல கீது?” சொன்ன பிறகுதான், இனி அப்படிச் சொல்ல முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜமீலா அவளை அழ விட்டார். பிறகு கேட்டார்: “இன்டர்காம் எத்தனை நாளா வேலை செய்யலை?”

“யார் சொன்னது? திங்கக்கெழம சாயந்தரம் நான்தான் புச்சு பேட்டரி வாங்கியாந்தேன். அம்மா மாட்டுச்சு. நான் கீய போய் ஹலோ ஹலோன்னு பேசிப் பார்த்தேன். ஜெகதீசன் சார்தான் கதவு தொறந்துச்சு.”

ஸ்டேஷன் தெரு எலக்ட்ரிக் கடைக்காரர் அப்துல் ரசாக் போனிலேயே உறுதி செய்தார். திங்கள் மாலை, ஒரு பேட்டரி.

ஜமீலா எழுந்தார். “கஜபதி, வண்டியை எடுங்க. இந்தம்மாவையும் ஏத்துங்க.”

12.30. கீழ் வீடு.

“திங்கக்கிழமை போட்ட பேட்டரி புதன்கிழமை எப்படித் தீர்ந்தது, ஜெகதீசன்?”

“மட்டமான பேட்டரியா இருக்கும்.”

“ஒரு ரிசீவர் வெச்சிருந்தாலே அது மாசக்கணக்கா வரும். ரெண்டும் எடுத்தபடி கிடந்தா ஒரு நாள்கூடத் தாங்காது. உங்கம்மாவே எழுதி ஒட்டியிருக்காங்க. மாடி ரிசீவர் அவங்க கையில இருந்துச்சு. அதை நாங்க எல்லாரும் பார்த்தோம். உங்க ரிசீவரும் நேத்து முழுக்க எடுத்தபடிதான் கெடந்திருக்கு. சாவி உங்ககிட்ட மட்டும்தான். இன்னிக்குக் காலைல ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும், நாங்க வர்றதுக்கு முன்னாடி அதை எடுத்து ஒழுங்கா வெச்சது நீங்க.”

ஜெகதீசன் கட்டிலில் உட்கார்ந்தான்.

“உங்கம்மாவை யாரும் கொன்னதா நான் நினைக்கலை. ஆனா அவங்க எப்போ வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நீங்க வாயைத் திறக்கலைன்னா இந்தம்மா ஜெயிலுக்குப் போவாங்க. எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?”

“பன்னெண்டரை. பஸ்ஸர் நிக்காம அடிச்சுது. எடுத்தேன். ‘சாப்டியாப்பா’ன்னாங்க. எப்பவும் அதான் முதல்ல. ‘வத்தக்குழம்பு வெச்சிருக்கேன், ரெண்டு தட்டு போட்டுட்டேன், மேல வா’ன்னாங்க.”

“நீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. தூக்கம் மேடம். வெச்சா மறுபடி பஸ்ஸர் அடிக்கும். அதனால ரிசீவரை அப்படியே கட்டில்ல போட்டேன். ராத்திரி கிளம்பும்போதும் பார்த்தேன். கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.”

பன்னிரண்டரைக்கு அனுசுயா மகனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். பொன்னியம்மா போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதன் பிறகு பரணையோ எதையோ எட்டிப் பார்க்க ஸ்டூலில் ஏறியிருக்கிறார்.

“நீ போகலாம்மா,” என்றார் ஜமீலா. “பொய் சொன்னதுக்கு இவர் என்கூட வரணும்.”

பொன்னியம்மா போகவில்லை. கதவருகே நின்று ஜெகதீசனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கஜபதி எதிர்பார்த்தார்.

“வியுந்ததுக்கு அப்பால அம்மா போனத் தேடி எடுத்துக் கையில வெச்சுகினு இருந்துச்சே. லைன் தொறந்துதானே கெடந்துச்சு. இன்னா சொல்லுச்சு நைனா?”

ஜெகதீசன் கட்டிலைப் பார்த்தான்.

“தெரியாது,” என்றான். “சத்தம் வருதுன்னு ரிசீவர் மேல தலைகாணியைப் போட்டு மூடிட்டேன்.”