பெரியதெல்லாம் அழுக்கு

பின்பக்கப் படிக்கட்டின் கீழே டாக்டரின் தம்பி குப்புறக் கிடந்தான்.

ஒரு செருப்பு மேல் படியில்... மற்றது காலிலேயே.

துப்புரவுப் பெண் பார்த்து அலறிய அலறலில் பரிசோதனைக் கூடமே ஓடி வந்தது. டாக்டரும் ஓடி வந்தாள். மணிக்கட்டைத் தொட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. விறைத்து, சில்லிட்டு... இது காலையில் நடந்ததல்ல. நேற்று மாலையே முடிந்துபோனது.

அழுகை வரவில்லை. அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. நீவிவிட்டாள்.

"தொடாதீங்கம்மா. தடயம்." தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டரின் குரல், பின்னாலிருந்து.

"என் தம்பி சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

அப்போதுதான் பரிசோதனைக் கூடத்தின் இயக்குநர் வந்து சேர்ந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மேதை' என்று பெயர். தும்மினாலும் மைக் பிடித்துத் தும்முகிற ரகம்.

"குற்ற உணர்ச்சி, இன்ஸ்பெக்டர்," என்றார், தலையைக் கோதியபடி. "பையன் எழுதின ப்ரோக்ராம்ல தப்பு. ஒரு பேஷன்ட் போயிட்டாங்க. அவங்க புருஷன் நேத்து வந்து கத்திட்டுப் போனாரு. இவன் தாங்கல. குதிச்சுட்டான்."

"குதிக்கிறவன் மொட்டை மாடிக்குப் போவான். படிக்கட்டுலயா சார் குதிப்பான்?"

"அப்போ... தடுக்கி விழுந்திருப்பான்."

"முதல்ல குதிச்சான், இப்ப தடுக்கிட்டான். அடுத்து என்ன, பறந்தானா?"

டாக்டர் எழுந்து நின்றாள். "தப்பு அவனோடதுன்னு எழுதிடாதீங்க சார். அவன்தான் போயிட்டான். பேராவது மிஞ்சட்டும்."

"அப்போ தப்பு யாரோடது? காட்டுங்கம்மா."

தம்பியின் அறைக்கு அழைத்துப் போனாள். கம்ப்யூட்டர் அணைக்கப்படாமலே இருந்தது. நாற்காலியின் முதுகில் அவன் ஸ்வெட்டர். அதன்மேல் சாயாமல் நுனியில் உட்கார்ந்தாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க. பயாலஜிக்கு நான் பள்ளிக்கூடத்துலயே கும்பிடு போட்டவன்."

திரையில் இளஞ்சிவப்புப் பரப்பு. அதில் ஊதாப் பொட்டுகள்.

"ஒவ்வொரு பொட்டும் ஒரு செல்லோட உட்கரு. ஒவ்வொண்ணையும் சுத்தி நான் மவுஸால கோடு போட்டேன், மாசக்கணக்குல. கோணலாப் போட்டா, 'அக்கா, கோலி வரையச் சொன்னா முட்டை வரையறே'ன்னு திட்டுவான். அதைப் பாத்து நியூரல் நெட்வொர்க், அதான் அவன் எழுதின கம்ப்யூட்டர் மூளை, கத்துக்கிச்சு. இப்ப யாரோட திசுவைக் கண்ணாடியில தடவி ஸ்லைடாக் குடுத்தாலும் அதுவே கோடு போட்டு, எண்ணி, அளந்து சொல்லும். 'சுத்தம்'னு சொல்லிட்டா டாக்டர் பாக்கவே வேண்டாம்னு மேதையோட, அதான் எங்க டைரக்டரோட, உத்தரவு."

"கேன்சர் இருந்தா?"

"உட்கரு ஊதிப் பெருசாகும். கோணல்மாணலாகும்."

இறந்த பெண்மணியின் ஸ்லைடை ஓட்டினாள்.

சின்னப் பொட்டுகளைச் சுற்றியெல்லாம் பச்சைக் கோடு. நட்டநடுவே பூதம் பூதமாய் ஊதா உருண்டைகள்... அவற்றுக்குக் கோடே இல்லை.

சுத்தம், என்றது திரை.

"என்னம்மா இது, எலியைப் பிடிச்சுட்டு யானையை விட்டிருக்கு?"

"யானையையும் பிடிச்சுது சார். பிடிச்சுத் தூக்கிப் போட்டுடுச்சு. ப்ரோக்ராம்ல இந்த வரியைப் பாருங்க. இந்த அளவுக்கு மேல பெருசா இருந்தா அழுக்கு, கணக்குல சேக்காதேன்னு இருக்கு."

"யாரு வெச்சது?"

"வெச்சது தம்பி. வெக்கச் சொன்னது மேதை. திறப்பு விழாவுல மெஷின் ஸ்லைடுல இருக்கற சாயக் கறைக்கெல்லாம் வட்டம் போட்டா மானம் போயிடும்னாரு. விழா முடிஞ்சதும் எடுத்துடணும்னு இவன் தலையால அடிச்சுக்கிட்டான். 'ஸ்க்ரீன் பாக்க அழகா இருக்கு, அப்படியே இருக்கட்டும்'னுட்டாரு."

அழகு ஒரு உயிரைக் குடித்திருந்தது.

"நேத்து சாயங்காலம் போன் பண்ணான். 'அக்கா, அந்த வரியை எடுத்துட்டேன். பழைய ஸ்லைடை எல்லாம் திரும்ப ஓட்டறேன். மெஷின் தவறவிட்டவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லணும்'னான்."

"எடுத்துட்டாரா? இதோ இருக்கே."

டாக்டர் நிமிர்ந்தாள். அந்த வரியை எப்போது சேர்த்தார்கள் என்று தேடினாள்.

"இன்னைக்குக் காலையில... இதே கம்ப்யூட்டர்ல இருந்து சார். என் தம்பி பேர்ல."

"நேத்தே செத்தவரு காலையில வந்து வேலை பாத்திருக்காரா? எங்க ஸ்டேஷன்ல உயிரோட இருக்கறவனே பாக்க மாட்டான்." இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்தார். "இந்தக் கதவு யார் யார் கார்டுக்குத் திறக்கும்?"

"என்னோடது, அவனோடது, மேதையோடது. நான் அலறல் கேட்டுத்தான் வந்தேன்."

கூடவே வந்து வாசலில் நின்ற மேதை ஒரு அடி பின்வாங்கினார். காலையில் அவர் கார்டுக்குக் கதவு திறந்த பதிவை எடுத்து இன்ஸ்பெக்டர் அவரிடம் காட்டியதும் மேடைப் பேச்சுக் குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"தள்ளணும்னு நினைக்கல... 'தனியாப் பேசணும் சார்'னு படிக்கட்டுக்குக் கூப்பிட்டான். மிரட்டப் போறான்னு நினைச்சேன். லேப்டாப்பைத் திறந்து 'இதைப் பாருங்க'ன்னான். பிடுங்கினேன். விடல... அப்படியே சரிஞ்சுட்டான்."

"அப்புறம் காலையில வந்து அந்த வரியைத் திரும்ப வெச்சீங்க. தப்பு அவரோட போயிடும்னு."

மேதை தலைகுனிந்தார்.

"அவன் காட்டினதைப் பாத்தீங்களா?" என்றாள் டாக்டர்.

"இல்ல. மூடி என் ரூம்ல வெச்சுட்டேன். திறக்கப் பயமா இருந்துச்சு."

கான்ஸ்டபிள் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். டாக்டர் திறந்தாள். தம்பி கடைசியாகப் பார்த்த படம் அப்படியே நின்றது. ஊதா உருண்டைகள்... இப்போது ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் கோடு.

மூலையில் இருந்த பெயரைப் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரோட ஸ்லைடும்மா?"

"சாரோடது. மெஷின் மேல நம்பிக்கை வரணும்னு விழா மேடையில தன் கழுத்துக் கட்டியில எடுத்த ஸ்லைடையே ஓட்டிக் காட்டினாரு. 'சுத்தம்'னு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க."

மேதையின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அவன் மிரட்ட வரல சார். எல்லார் முன்னாடியும் சொன்னா நீங்க உடைஞ்சுடுவீங்கன்னு தனியாக் கூப்பிட்டிருக்கான். உங்களைக் காப்பாத்த வந்தவன் சார் அவன்..."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பியின் ஸ்வெட்டரை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர்..." மேதை முனகினார். "நீங்க ஒரு தடவை பாருங்களேன். மெஷின் தப்பாச் சொல்லலாம்."

வேறொருத்தியாக இருந்தால் அந்த ஸ்லைடுக் கண்ணாடியைத் தரையில் போட்டு மிதித்திருப்பாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து அதைத் தேடியெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தம்பி சொல்ல வந்ததை யாராவது சொல்லி முடிக்க வேண்டுமே.

நெடுநேரம் பார்த்தாள்.

"கேன்சர்தான் சார். இந்நேரம் உடம்பு பூரா பரவியிருக்கும். அப்பவே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கலாம்."

மேதையின் கையில் விலங்கு ஏறியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்துடலாம்னு பாத்தேன். இவருக்கு அது சின்னத் தண்டனையா ஆகிப்போச்சே."