துரைக்கு ஒரு போட்டோ

துரை லேசுப்பட்ட குதிரை இல்லை. பந்தயத்தில் ஓடிய காலத்தில் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தவன். இப்போது ஓட்டத்தை விட்டுவிட்டு, பண்ணையில் குட்டிகளுக்கு அப்பாவாக இருக்கிறான். ஓட்டம் நின்றாலும் பவுசு மட்டும் குறையவில்லை.

அவனைப் பார்த்துக்கொள்வது சிட்டுவின் அம்மா. அன்று அம்மாவுக்கும் மகளுக்கும் சாப்பாடே இறங்கவில்லை. துரையின் முன்னங்கால் குளம்பில் விரிசல் விட்டிருந்தது.

லாடம் அடிக்கும் மாமா வந்து அந்தக் காலைத் தூக்கினார். துரை உதறினான். மறுபடியும் தூக்கினார். துரை அவர் தொப்பியைக் கவ்வித் தூரப் போட்டான்.

“ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறானே. மயக்க ஊசி போட்டுடலாமா?” என்றார் மாமா.

“வேண்டாங்க. போன தடவை போட்டப்பவே மூச்சுத் திணறிடுச்சு,” என்றாள் அம்மா. “ஆனா விரிசல் மேல ஏறிட்டா அவனால நடக்கவே முடியாதே.”

சிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்க வேண்டாம் என்று சேணம் வைக்கும் அறைக்குள் போய் நின்றாள்.

சுவர் முழுக்கத் துரை ஜெயித்தபோது எடுத்த படங்கள். ஒரு படத்தில் ஜாக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். இன்னொன்றில் முதலாளி கொட்டாவி விட்டார். துரை மட்டும் எல்லாப் படத்திலும் கழுத்தை நிமிர்த்தி, காதை விறைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

சிட்டு வெளியே ஓடிவந்தாள்.

“அம்மா, உன் போனைக் குடு.”

“இப்ப எதுக்குடி போன்?”

“குடும்மா, சொல்றேன்.”

போனைப் பிடித்தபடி துரைக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். “துரை, இங்க பாரு.”

துரை பார்த்தான். கழுத்து நிமிர்ந்தது. காதுகள் விறைத்தன.

“மாமா, இப்ப தூக்குங்க,” என்று கிசுகிசுத்தாள்.

மாமா காலைத் தூக்கினார். துரை அசையவில்லை. அவர் அரத்தால் விரிசலை அராவினார், லாடத்தை வைத்தார், ஆணி அடித்தார். அப்போதும் அசையவில்லை.

“மாமா, கை வலிக்குது.”

“இறக்கிடாதே கண்ணு. இன்னும் ரெண்டு ஆணிதான்.”

அம்மா சத்தமில்லாமல் பின்னால் வந்து, சிட்டுவின் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டாள்.

மாமா கடைசி ஆணியையும் அடித்துவிட்டுக் காலை இறக்கினார். “முடிஞ்சுது. இனிமே பயமில்ல. ஆமா, இன்னும் ஏன் இவன் இப்படியே நிக்கறான்?”

“நான் இன்னும் எடுக்கலையே மாமா,” என்று சொல்லிவிட்டுச் சிட்டு பொத்தானை அழுத்தினாள்.

‘க்ளிக்’ என்றதும் துரை கழுத்தைத் தளர்த்தினான். நொண்டாமல், யாரையும் சட்டை செய்யாமல், புல்வெளியைப் பார்த்து நடந்தான். அம்மா அப்போதுதான் மூச்சே விட்டாள்.

மாமா போனை எட்டிப் பார்த்தார். “இதுல நான் எங்க?”

“நீங்க குனிஞ்சு சாமான் எடுத்துட்டு இருந்தீங்க. முதுகு மட்டும் விழுந்திருக்கு.”

“சரி, விடு. அடுத்த மாசம் தலை வாரிட்டு வரேன்,” என்றார் மாமா.