கேப்டனுக்கு எந்த வியாதியும் இல்லை

பொடி என்று எல்லோரும் கூப்பிட்ட பெண்ணுக்குப் போன மாதம் பன்னிரண்டு வயது முடிந்தது. அந்தப் பெயர் அவள் ஏழு வயதில் படப்பிடிப்புக்கு வந்தபோது வைத்தது. இப்போது அவள் டைரக்டரின் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். பெயரை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை.

'வால்மீன் ரோந்து' என்ற தொலைக்காட்சித் தொடரில் அவள்தான் கேப்டன். அவளுடைய விண்கப்பல் ஒட்டுப்பலகையில் செய்து வெள்ளி வண்ணம் அடித்தது. உள்ளே இருந்த பொத்தான்கள் எல்லாம் பாட்டில் மூடிகள். அந்தக் கப்பலில் ஐந்து வருடமாக அவள் எரிகற்களுக்கு நடுவே பறந்திருக்கிறாள். மூன்று தலை ராட்சசனை மூன்று தலையும் கவிழ ஓடவிட்டிருக்கிறாள். 'முடியாது' என்ற சொல் கேப்டன் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஆனால் கேப்டன் வளர்ந்துவிட்டாள். தையல் அக்கா அவளுடைய வெள்ளி உடையை மூன்று முறை பிரித்து நீளமாக்கினாள். நான்காம் முறை பிரிக்க மடிப்பே மிச்சமில்லை. இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் இடித்து இரண்டு பாட்டில் மூடியாவது உதிரும்.

அதனால் கேப்டனுக்கு விடை கொடுக்க ஏழே நிமிடம் ஓடும் ஒரு சின்ன அத்தியாயம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் முதல் புது கேப்டன் என்று முடிவானது. பொடிக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் நியாயமாகப் பட்டது. அவளுக்குக் கோபம் வந்தது வசனத்தாளைப் படித்த பிறகுதான்.

அதில் கேப்டனுக்குப் பெயர் தெரியாத ஒரு விண்வெளி வியாதி வருகிறது. பச்சைப் புகைக்குள் அவள் சுருண்டு விழுகிறாள். "இனி என்னால் முடியாது" என்று அழுகிறாள். தலைக்கவசத்தைப் புது கேப்டனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.

பொடி தாளை மடித்து டைரக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை நான் சொல்ல மாட்டேன் சார்."

டைரக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவர் தலை போகிற அவசரத்தில் இருந்தார். நான்கு மணிக்கு அந்த அரங்கைச் சமையல் நிகழ்ச்சிக்காரர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். அவர்கள் மூன்று மணிக்கே அடுப்பும் கையுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். வீட்டில் பார்க்கிற பிள்ளைகள் அழுதால்தான் தொடர் அவர்கள் மனதில் நிற்கும் என்று அவர் விளக்கினார். பிறகு கெஞ்சினார். கடைசியில், பொடி சும்மா விழுந்து கிடந்தால் போதும், வசனத்தை வேறு ஆளை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று மிரட்டினார்.

விழுந்தால்தானே என்று பொடி கப்பல் நடுவே விறைப்பாக நின்றாள்.

மருந்துக் கடையில் வேலை செய்யும் அவளுடைய அம்மா, அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருந்தாள். மகளை ஓரமாக அழைத்துப்போய், ஐந்து வருடம் சோறு போட்ட இடம், கடைசி நாளில் கெட்ட பேர் வாங்காதே என்று காதைக் கடித்தாள்.

"நான் வளர்ந்தேன், அவ்வளவுதானே? வளர்றது ஒரு வியாதியாம்மா?" என்று கேட்டாள் பொடி.

எத்தனையோ வியாதிக்கு மருந்து எடுத்துக் கொடுத்த அம்மா, மகளின் தோளில் இழுபட்ட தையலை மட்டும் நீவிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு தலைவலி வந்தது. புது கேப்டனைக் காணோம். ஏழு வயதுப் பெண் அவள். கொஞ்சம்கூட ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் முதல் நாளே எல்லோரும் அவளைக் கொசு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அரங்கம் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் பொடிதான் கண்டுபிடித்தாள். கப்பலின் பின்பக்கம், பலகைக்கும் சுவருக்கும் நடுவில், புத்தம் புது வெள்ளி உடையில் கொசு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

பொடியும் பக்கத்தில் நுழையப் பார்த்தாள். முடியவில்லை. வெளியே தரையிலேயே உட்கார்ந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள்.

"சாப்பிட்டா வளர்ந்துடுவேன்" என்றாள் கொசு. "வளர்ந்தா என்னையும் புகை போட்டுக் கொன்னுடுவாங்க."

பொடிக்குச் சிரிப்பு வந்தது. பிரிக்காத பொட்டலத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவள் எழுந்து நேராக டைரக்டரிடம் போனாள்.

கொசு சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னாள். வீட்டில் பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே பயம்தான் வரும் என்றாள். அவளை வெளியே கூட்டிவர ஒரே வழி இருக்கிறது, வியாதியும் வேண்டாம், புகையும் வேண்டாம், நடந்ததையே நடிப்போம் என்றாள்.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் ஒரு வாணலி சத்தமாகக் கீழே விழுந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னவோ பண்ணு. ஒரே தடவைதான் எடுக்க நேரம் இருக்கு" என்றார்.

புகை கிடையாது என்று கேட்டதும் கொசு வெளியே வந்தாள். விளக்குகள் எரிந்தன. கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது, மூடிகள் உருண்டன. அவள் எழுந்து நின்றபோது தோள்பட்டையில் தையல் டர்ரென்று பிரிந்தது. தையல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் கிழிசலை மறைக்கவில்லை.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லை" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "நான் வளர்ந்துட்டேன். இந்தக் கப்பல் எனக்குப் போதலை. பெரிய கப்பலா பார்த்துப் போறேன்."

தலைக்கவசத்தைக் கழற்றிக் கொசுவின் தலையில் வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வசனம் ஒன்று அப்போது கவசத்துக்குள்ளிருந்து வந்தது.

"நானும் வளர்ந்துட்டா?"

"அங்கே வந்துடு. உனக்கு இடம் பிடிச்சு வெச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கேப்டன் கப்பலின் கதவு வழியாக வெளியே நடந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது. கப்பலைத் தாண்டினாள். கேமராவைத் தாண்டினாள். அடுப்போடு நின்ற சமையல்காரர்கள் வழிவிட்டார்கள்.

டைரக்டர் மூக்கை உறிஞ்சியபடி, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, கண்ணில் துளி கண்ணீரோடு இன்னும் ஒரு தடவை எடுத்துவிடலாம், அவளைக் கூப்பிடுங்கள் என்றார்.

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கேப்டன் கிளம்பியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பின்னால் வேகமாக நடந்தாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். தோள் கிழிந்த வெள்ளி உடையில் நின்ற பெண்ணை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாப்பாவுக்கு அரை டிக்கெட்தானே என்று கேட்டார். அம்மா வழக்கம்போலத் தலையாட்டப் போனாள்.

பொடி கம்பியை விட்டுவிட்டு நன்றாக நிமிர்ந்து நின்றாள்.

"முழு டிக்கெட்" என்றாள்.