பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

பகல் ஒன்றேகாலுக்கு அது முதலில் கேட்டது. உள்ளே தாழிட்ட வீட்டில், கூடத்திலிருந்து கிளம்பிய ரப்பர் செருப்புச் சத்தம் பிரான்சியின் கட்டிலுக்கு நேரே அறை வாசலில் வந்து நின்றது. மூடிய இமைகள் மேல் டார்ச் வெளிச்சம் விழுந்து விலகியது. பிறகு சத்தம் நிதானமாகத் திரும்பிப் போனது.

எழுந்து பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கணவன் பிலோமின்ராஜ் வேலை முடிந்து வர ஏழாகும். ஸ்ரீரங்கத்துத் தெரு வெயிலில் ஆளற்றுக் கிடந்தது. நைட் டூட்டி பார்த்த உடம்பு எதையாவது கேட்கும் என்று சொல்லிக்கொண்டு படுத்தாள்.

ஒன்றரைக்கு மறுபடி வந்தது. கூடவே டெட்டாலும் மூத்திரமும் கலந்த வார்டு வாடை.

அந்த நடை அவளுடையதுதான். தென்னூரில் அவள் வேலை பார்க்கும் மனநல மருத்துவமனையில், கட்டிலோடு துணியால் கட்டிய நோயாளியைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் ஓர் இரவு, முப்பத்தெட்டுப் பேருக்கு அவள் ஒருத்தி. உப்பிலியபுரத்து வீராயி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். வரேன் வரேன் என்ற பிரான்சி, ஒரு மணிக்கே காலை ஆறு வரைக்குமான கட்டங்களில் ‘தூங்குகிறார்’ என்று எழுதிவிட்டு மேஜையில் தலை சாய்த்தாள். எல்லோரும் செய்வதுதான். விடிந்தபோது வீராயி சில்லிட்டிருந்தாள். மணிக்கட்டுகளில் துணி அறுத்திருந்தது.

விசாரணையில் யாரும் அவளைத் திட்டவில்லை. சார்ட் ஒழுங்காக இருந்தது.

போன் அடித்தது. வீராயியின் மகன் பிச்சை. நாளைக்கு அம்மாவுக்குக் காரியம் என்றான்.

“எங்கம்மா வீட்டுல ஒரு நாளும் அடங்கித் தூங்காதுங்க சிஸ்டர். உங்க கையிலதான் தூங்கியிருக்கு. கஷ்டப்படலல்ல?”

சொல்லிவிடலாம். வாய் திறந்தது.

“இல்லைங்க. நல்லா தூங்கினாங்க.”

“நீங்க நல்லா இருப்பீங்க சிஸ்டர்.”

போனை வைத்தாள். முகம் எரிந்தது. தலையணையில் அதைப் புதைத்துக்கொண்டாள்.

ஒன்றேமுக்கால். செருப்புச் சத்தம். இம்முறை வாசலில் நிற்கவில்லை.

உள்ளே வந்தது.

எழப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு மணிக்கட்டிலும் துணி. முடிச்சு அவள் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. தொண்டை வறண்டது.

“தண்ணி.”

“வரேன் வரேன்,” என்றது கால்மாட்டிலிருந்து அவளுடைய குரலே.

பேனா ஓடும் சத்தம். நிறுத்தாமல், வேகமாக, ஒரே சொல்லை. பிறகு மூடி போடும் சத்தம்.

செருப்பு திரும்பிப் போனது. வெளியே தாழ் விழுந்தது.

கால்மாட்டில் சார்ட் தொங்கியது. மேலே அவள் பெயர். அவள் கையெழுத்து. ஈரம் காயாத மை. இரண்டு மணி: தூங்குகிறார். இரண்டேகால்: தூங்குகிறார். இரண்டரை. கடைசிக் கட்டம் ஆறு மணி.

இரண்டு மணி அடித்தது.

யாரும் வரவில்லை.